திருச்சபையில் மாற்றமும் மறுமலர்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயங்களில் காலந்தோறும் தோன்றிய மாற்றங்களைப் பற்றி இவ்வாண்டு மூவர் பேசவேண்டுமெனச் செயற்குழு விரும்பியது. எனக்கு முன்னர்ச் சைவத்தைக் குறித்தும் இசுலாத்தைக் குறித்தும் அறிஞர் இருவர் பேசி அமர்ந்துள்ளனர். கிறிஸ்தவத் திருச்சபையைக் குறித்துப் பேச ஒரு குருவானவரை அழைத்திருந்தால் சிறப்பாக இருந்திருக்கும். இரயில்வே குமாஸ்தாவாகிய என்னை அழைத்துவிட்டனர். நான் மெட்ரிகுலேஷன் தேறியவன். இறையியல் கல்லூரியின் வாயிலை மிதித்தவனல்லன். சபைக் குழுவில் பல்லாண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். ஆகவே, கணக்கு எழுதுபவன் கண்ணுக்கு எது தெரியுமோ அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் தாராவியிலும் மாத்துங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் அதற்குத் தெற்கேயிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டனார் காலத்தில் இருவர் சந்தித்தால், "எந்த ஊர்?" என்று கேட்ட பின்னர், "எந்த மிஷன்?" என்று கேட்பது வழக்கம். நாசரேத்துக்காரர் எஸ்.பி.ஜி. என்பார். மெஞ்ஞானபுரத்துக்காரர் சி.எம்.எஸ். என்பார். நாகர்கோவிலார் எல்.எம்.எஸ். என்பார். மதுரையார் அமெரிக்கன் மிஷன், திருச்சியார் சிலர் மெதடிஸ்து, தரங்கம்பாடியார் லுத்தரன். இத்தனைக்கும் எல்லோரும் படித்தது ஒரே வேதம். பேசியது ஒரே தமிழ். இந்தப் பெயர்களெல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூண்ட பழைய வழக்குகளின் மிச்சம். இங்கிலாந்தில் அரசனும் பாராளுமன்றமும் பொருதிய போரையும், ஜெர்மனியில் லுத்தர் தொடுத்த வழக்கையும் பனங்காட்டு உழவர் அறியார். ஆயினும் அந்த வழக்கின் வாரிசுகளாக அவர் பிரிந்து நின்றார். ஒரு மிஷனின் குருவானவர் மற்றொரு மிஷனின் ஆலயத்தில் திருவிருந்து நடத்த இயலாத நிலையும் இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களில் தலையாயவர் நம் நாட்டவர். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அவ்வூர்க் குருவானவர். நம் நாட்டுச் சபைக்கு நம்மவர் பணமும் நம்மவர் உழைப்புமே வேண்டும் என்ற கொள்கையுடன் 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். பின்னர்த் தாமே தெலுங்கு நாட்டுக்கு ஊழியராகச் சென்றார். 1910இல் ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேர் வந்திருந்த அவையில் ஆசிய நாட்டார் இருபது பேருக்கு அதிகமில்லை. அங்கே எழுந்த அசரியா, வெள்ளையர் செய்த தியாகத்தையெல்லாம் மனமுவந்து புகழ்ந்தார். புகழ்ந்த பின்பு, எங்களுக்கு இனி வேண்டுவது உங்கள் நட்பு என்றார். மிஷனரியார் இந்தியரைத் தம் மேசையில் சமமாக அமர்த்தி உண்பதில்லை என்ற குறை அவ்வேண்டுகோளின் உட்பொருள். அவையில் சலசலப்பு எழுந்ததாம். எழாமல் என்ன செய்யும்?

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அத்தியட்சரானது அதுவே முதல் முறை. அவருக்கு அளிக்கப்பட்ட இடம் தோர்ணக்கல். இரயில்வேயில் இருப்போர்க்கு இவ்வூர் தெரியும். காஜிப்பேட்டைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே பத்ராசலம் ரோடுக்குக் கிளை பிரியும் ஜங்ஷன். நம் பம்பாயிலிருந்து புவனேசுவரம் செல்லும் கொணார்க் விரைவு வண்டி அவ்வழியேதான் ஓடுகிறது. அங்கே மாலரும் மாதிகரும் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார். அவர் கட்டிய பேராலயம் 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இனி ஒற்றுமையின் கதைக்கு வருகிறேன். 1919ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டு நாட்கள், தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினர். இருவர் நீங்கலாக ஏனையோர் இந்தியர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரை. இப்பிரிவினைகள் எமக்கு வெளியிலிருந்து வந்தவை, யாம் உண்டாக்காதவை, இவற்றை நீடிக்க யாம் விரும்பவில்லை என்ற பொருள்பட ஓர் அறிக்கை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே ஆங்கிலிக்கன் சபைக்கும், 1908இல் உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபைக்கும் இடையே பேச்சு தொடங்கியது. 1925இல் மெதடிஸ்து சபையாரும் சேர்ந்தனர்.

பேச்சு எத்தனை ஆண்டு நடந்தது தெரியுமா? முழுமையாக இருபத்தேழு ஆண்டுகள்! அவ்வளவு காலம் எதைப் பேசினர் என்று நீங்கள் கேட்கலாம். என் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். 1951 ஏப்ரல் 14ஆம் நாள் சௌத் இந்தியன் இரயில்வே, மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வே, மைசூர் இரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தென்னக இரயில்வே ஆயிற்று. தண்டவாளத்தை இணைப்பது எளிது. வண்டிக்குப் பெயர் மாற்றுவது அதனினும் எளிது. கடினமானது சீனியாரிட்டிப் பட்டியல். அந்தக் கம்பெனியில் செய்த சர்வீசு இந்தக் கம்பெனியில் எண்ணப்படுமா? இவருக்கு அவர் மேலா, கீழா? எங்கள் இலாகாவில் எந்த இணைப்பும் இந்த இடத்தில்தான் மூச்சுத் திணறும். திருச்சபையிலும் அதே சிக்கல்தான். ஆங்கிலிக்கன் முறைப்படி, அத்தியட்சர் கைவைத்து அபிஷேகம் செய்தவரே குரு. மற்றைச் சபைகளில் அத்தியட்சரே இல்லை. அவ்வாறாயின் அச்சபைகளின் ஊழியர்கள் இணைப்புக்குப் பின்னர் மீண்டும் அபிஷேகம் பெறவேண்டுமா? பெறவேண்டுமென்றால், இதுகாறும் அவர்கள் செய்த ஊழியம் செல்லாது என்று ஆகிவிடும். எந்த மானமுள்ளவர் இதற்கு இசைவார்?

இறுதியில் கண்ட வழி மிக நேர்மையானது. இணையும் நாளில் பணியிலிருக்கும் ஊழியர் அனைவரும் அப்படியே ஏற்கப்படுவர். ஒருவரும் மறு அபிஷேகம் பெற வேண்டுவதில்லை. அன்றுமுதல் புதிதாக வருவோர் மட்டும் பேராயர்களால் அபிஷேகம் பெறுவர். எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சான்றுக்கு ஒவ்வாத ஊழியர் திணிக்கப்படமாட்டார் என உறுதிமொழியும் தரப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து முழுதும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அதாவது, சட்டத்தால் தீர்க்க முடியாததைக் காலத்திடமும் நம்பிக்கையிடமும் ஒப்படைத்தனர். எங்கள் இலாகாவுக்கு இந்தத் துணிவு வந்ததில்லை என்பதை இங்கே மெல்லச் சொல்லி வைக்கிறேன்.

கடலுக்கு அப்பால் எதிர்ப்பு பலமாக இருந்தது. புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் டி.எஸ்.எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்துத் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். தென்னாட்டுக் குக்கிராமங்களின் சபைகள் எப்படி இணைவது என்பது இலண்டன் கவிஞரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! அசரியாவோ இணைப்பைக் கண்ணாற் காணவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் உயிர் நீத்தார். அதே மாதத்தில்தான் அவருடைய சபையின் பொதுப்பேரவை இணைப்புத் திட்டத்துக்கு இசைவு தந்தது.

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சென்னை புனித ஜார்ஜ் பேராலயம். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. வடக்கே பஞ்சாபில் அகதிகளை ஏற்றிய இரயில் வண்டிகள் பிணங்களைச் சுமந்துகொண்டு நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு தேசம் இரண்டாக வெட்டுண்ட அந்நாட்களில், தெற்கே பிரிந்திருந்தோர் ஒன்றாயினர். பேராயர் சி.கே.ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பத்து லட்சம் மக்கள், பதினான்கு பேராயங்கள், கடலைத் தாண்டிய யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. அன்று புதிதாக ஒன்பது பேராயர்கள் அபிஷேகம் பெற்றனர். மதுரைக்கு நியமனம் பெற்ற லெஸ்லி நியூபிகின் என்பவர், அத்தியட்சர் என்ற பதவியையே ஏற்காத பிரெஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்தவர், வயது முப்பத்தேழு. எல்லோரும் சேர்ந்துவிடவுமில்லை. லுத்தரன் சபையார் வெளியே நின்றனர். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனித்தே இயங்குகிறது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் மக்களும் சேர மறுத்துப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தனர். ஆனால் ஒரு வேடிக்கை: பின்தங்கி வந்த அந்த நந்தியால் பேராயத்துக்குத்தான் 2013இல் இ.புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவரே.

நாம் வாழும் இந்நகரத்துக்கும் இக்கதையில் பங்குண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையான அதே 1718இல்தான் நம் கோட்டைப் பகுதியிலுள்ள புனித தோமா ஆலயமும் திறக்கப்பட்டது. அவ்வாலயத்துக்குச் செல்லும் கோட்டை வாயிலே சர்ச்கேட். நாம் நாள்தோறும் வண்டி ஏறும் நிலையத்துக்குப் பெயர் வந்த வரலாறு இது. மராட்டிக் கவிஞர் நாராயண வாமன் திலகர், இரயில் பயணத்தில் உடன் வந்த வெள்ளையர் ஒருவர் தந்த புதிய ஏற்பாட்டைப் படித்து மனம் மாறி, 1895இல் இந்நகரில் ஞானஸ்நானம் பெற்றார். சபைப் பிரிவுகளைக் கடந்த ஓர் அடியார் கூட்டத்தைக் காண விழைந்தவர் அவர். தரங்கம்பாடி அறிக்கை வெளிவந்த ஒரே வாரத்தில், 1919 மே 9ஆம் நாள், இந்நகரிலேயே மறைந்தார். 1970 நவம்பர் 29ஆம் நாள் நாக்பூரில் ஆறு சபைகள் இணைந்து வட இந்தியத் திருச்சபை உருவாயிற்று. பம்பாயின் ஆங்கிலிக்கன் ஆலயங்கள் அதனுட் சேர்ந்தன.

இவ்வளவும் பெருமைக்குரிய வரலாறு. ஆயினும் தரங்கம்பாடி அறிக்கையில் ஒரு சொல்லை நான் மீண்டும் மீண்டும் எண்ணுவதுண்டு. பிரிவினை வெளியிலிருந்து வந்தது என்றார்கள் அல்லவா? ஆங்கிலிக்கன் என்பதும் மெதடிஸ்து என்பதும் வெளியிலிருந்து வந்தவைதாம். ஆனால் கப்பலில் வராத பிரிவு ஒன்று நம்மிடம் இருந்ததே! அது சாதி. அதற்கு எந்த மிஷனையும் நாம் குற்றம் சொல்ல முடியாது.

பழைய தரங்கம்பாடிச் சபையிலும் தஞ்சைச் சபையிலும் சாதிக்கு ஏற்ப இருக்கை பிரிக்கப்பட்டிருந்தது. திருவிருந்துக் கிண்ணத்தை முதலில் அருந்துவது யார், பின்னர் அருந்துவது யார் என்று வழக்குகள் நடந்தன. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை சபையிலிருந்து அறவே நீங்க வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேற்சாதியார் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதியாசாரத்துக்கு ஆதரவாக எழுதினார். அவர் பாடல்களை நானும் பாடுகிறேன், இனியும் பாடுவேன். ஆனால் இந்தச் செய்தியை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இணைப்பு நடந்த பின்னர் இப்பிரிவு ஒழிந்ததா? இதற்கான விடை நம் காலனியிலேயே கிடைக்கும். எந்த மிஷன் என்ற கேள்வி மறைந்து போயிற்று. இன்றைய இளைஞர்க்கு எஸ்.பி.ஜி. என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பெண் பார்க்கும் போது ஊர் கேட்பவர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்பதை விட்டாரில்லை. ஆலயத்தில் ஒரே பெஞ்சில் அமர்வோம். திருமண அழைப்பிதழ் அச்சாகும்போது வேறு வேறு அச்சகம். தாய்நாட்டில் பேராயத் தேர்தல்கள் எந்தக் கணக்கைப் பார்த்து நடைபெறுகின்றன, எத்தனை வழக்குகள் நீதிமன்றப் படி ஏறுகின்றன என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்க்கு 1950ஆம் ஆண்டு ஆணையால் அட்டவணைச் சாதியினர்க்குரிய உரிமை மறுக்கப்பட்டுள்ளது. அதே உரிமை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழங்கப்பட்டது. கிறிஸ்தவர்களிடம் சாதி இல்லை என்பது அரசின் வாதம். அந்த வாதத்தைக் கேட்டு, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வாயில்கள் இருப்பதைக் கண்டவன் சிரிப்பதா அழுவதா?

மறுமலர்ச்சி என்று பலரும் பேசுகிறார்கள். கிடார் வந்தால் மறுமலர்ச்சி என்று இளைஞர் சொல்கின்றனர். பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டினால் மறுமலர்ச்சி என்று முதியோர் சொல்கின்றனர். புதிய ஜெபக் கூடங்களுக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்களே என்று இருவரும் சேர்ந்து வருந்துகின்றனர். தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம்மிடம் பலர் என்பதால், பாட்டைத் தேவநாகரியில் எழுதிக் கொடுக்கலாமா என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கிறோம். கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அவையெல்லாம் ஓரத்து வேலைகள்.

நடு வேலையைச் செய்தவர் ஒருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றே மக்கள் அழைத்தனர், 2005இல் காலமானார். கர்நாடக இராகக் கீர்த்தனையும் மேனாட்டுப் பாமாலையும் ஆண்ட ஆலயத்தில் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தார். எந்தப் பறை தீண்டாமையின் அடையாளமாக வைக்கப்பட்டதோ, அதையே வழிபாட்டின் இசையாக ஒலிக்கச் செய்தார். திருவிருந்தின் பொருளை அவர் ஓர் உலை என்ற சொல்லால் விளக்கினார். ஒரே உலையில் கொதித்த சோற்றைச் சேர்ந்து உண்பவர் ஒரே குடும்பம் என்பது அதன் கருத்து. பெரிய இறையியல் நூல்கள் நூறு பக்கத்தில் சொல்வதை நம் வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்துச் சொன்னார்.

இதனோடு சேர்த்துக் காணவேண்டியது, 1950இல் தென்னிந்தியத் திருச்சபை வகுத்த திருவிருந்து ஒழுங்கு. மேனாட்டுச் சபைகளிலும் பின்னாளில் வழிபாட்டுச் சீர்திருத்தத்துக்கு அது முன்மாதிரியாயிற்று. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நிற்பதை மாற்றி, மேசைக்குப் பின்னே மக்களை நோக்கி நிற்கச் செய்தது அவ்வொழுங்கு. கேரளத்துச் சுரியானிச் சபைகளின் பழைய வழக்கம் ஒன்றையும் அது எடுத்துக்கொண்டது. அதற்குச் சமாதானம் கொடுத்தல் என்று பெயர். குருவானவர் தம் வலக்கையை உதவியாளரின் வலக்கையோடு சேர்க்க, ஒவ்வொருவரும் தம் இடக்கையால் மற்றவர் கையை மூடுவர். அவர் அடுத்தவர்க்கு, அடுத்தவர் அதற்கடுத்தவர்க்கு என்று, பீடத்திலிருந்து கடைசிப் பெஞ்சு வரை கையோடு கை சேர்ந்து சமாதானம் போகும். கிறிஸ்தவரல்லாத அன்பர்கள் இதைச் சிறு சடங்கு என்று எண்ணலாம். தொட்டால் தீட்டு என்று நூற்றாண்டுகளாக நம்பிய நாட்டில், தொடாமல் ஆராதனை நிறைவேறாது என்று எழுதிவைத்தார்கள். இணைப்பு ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களிலும் மேலானதாக இதை நான் மதிக்கிறேன். மேற்சாதிக்கை தாழ்த்தப்பட்ட கையைப் பிடித்தே தீரவேண்டிய ஒரு நிமிடத்தை, ஞாயிறுதோறும் இது உண்டாக்கியது.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது இவ்வழக்கம் எங்கள் சபையில் நின்றது, நிற்கத்தான் வேண்டும். தாராவி அந்நோயை எப்படி எதிர்கொண்டது என்பதை இங்குள்ளோர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பொதுக் கிண்ணத்துக்கு மாற்றாகச் சிறு சிறு கோப்பைகள் வந்தன. கை சேர்ப்பதற்கு மாற்றாக இருந்த இடத்திலிருந்தே கும்பிடு போட்டோம். நோய் நீங்கிற்று. இரயிலில் நெருக்கியடித்துப் பயணம் செய்கிறோம். இந்தப் பந்தலில் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கிறோம். சற்று நேரத்தில் பந்தியில் ஒருவர் கையால் பரிமாற மற்றவர் உண்ணப் போகிறோம். ஆலயத்தில் மட்டும் கும்பிடு அப்படியே நிற்கிறது. கேட்டால் சுகாதாரம் என்கின்றனர். உண்மையிலேயே சுகாதாரத்தை எண்ணி அஞ்சும் முதியோரும் நோயாளிகளும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஞாயிறன்று ஆலய வாசலில் கைகுலுக்கி நலம் விசாரிப்போர், உள்ளே சென்றதும் கையை மடக்கிக் கொள்வதைப் பார்க்கும்போது, கிருமி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

கை சேர்க்கும் வழக்கத்தை மீண்டும் தொடங்கவேண்டும், விரும்பாதார் கும்பிட்டுக் கொள்ளலாம் என்று எங்கள் சபைக் குழுவில் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். வழிமொழிந்தவர் தையற்கடை வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய். இதுகாறும் கூட்டத்தில் வாய் திறந்து பேசாதவர். எதிர்ப்பும் இருக்கிறது, எதிர்ப்பவர்களில் இருவர் என் உறவினர். வருகிற மாதம் முதல் ஞாயிறன்று ஆராதனைக்குப் பின்னர் அது விவாதத்துக்கு வருகிறது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். அடுத்து நம் பிள்ளைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது.